முதலில் ஸ்கோர் இறங்கும்

பவுலிங் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது, லேன் என்ற ஓடுபாதையில் பந்தை உருட்டி, அதன் கோடியில் நிற்கும் பத்துப் பின்களை (புட்டி வடிவக் கட்டைகளை) வீழ்த்தும் டென்பின் பவுலிங் பற்றி. மாலுக்குப் படம் பார்க்கப் போன இடத்தில் விளையாட்டாகத் தொடங்கி, பிறகு வாரம் இரண்டு முறை லேனுக்குப் போகும் அளவுக்கு இதில் ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். ஸ்கோர் 130, 140. ஒரு நாள் 170 வரும், மறுநாள் 115. ஆறு மாதம் ஆடினாலும் சராசரி அசையாது. கோச்சிடம் போனால் ஆட்டம் முன்னேறுமா என்ற கேள்வி அங்கேதான் எழும்.

முன்னேறும். ஆனால் முன்னேற்றம் ஸ்கோர் பலகையில் தெரிவதற்கு முன்னால் ஸ்கோர் இறங்கும். சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஒன்றரை மாதம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், இரண்டு வகுப்புக்குப் பிறகு "எனக்கு என் பழைய முறைதான் சரிப்படும்" என்று திரும்பிப் போகிறவர்கள் அதிகம். கோச் கற்றுக்கொடுத்தது தவறாக இருந்திருக்காது. காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தில் கோச் ஏன் தேவைப்படுகிறார் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் அடிப்படை. நம் உடம்பு செய்வதாக நமக்குத் தோன்றுவதும், அது உண்மையில் செய்வதும் வேறு வேறு. கை நேராக முன்னும் பின்னும் ஆடுகிறது என்று ஆடுபவர் சத்தியம் செய்வார். பின்னாலிருந்து பார்த்தால் பந்து முதுகுக்குப் பின்னால் போய், அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்துகொண்டிருக்கும். மெதுவாக நடக்கிறேன் என்பார். கடைசி இரண்டு அடி ஓட்டமாக இருக்கும். தொடக்கத்திலிருந்து பந்தைக் கைவிடும் ரிலீஸ் வரை எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதிலும் முக்கியமான பாதி நடக்கும் இடம் முதுகுக்குப் பின்னால். கண் லேனில் வரைந்திருக்கும் அம்புக் குறியின் மேல் இருக்கும்போது பின்னால் நடப்பதைப் பார்க்க வழியே இல்லை.

கோச்சைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பந்து கைக்குப் பொருந்துகிறதா? இதைச் சரிசெய்யாமல் வகுப்புக்குப் பணம் கட்டுவது, அளவு தப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பயிற்சிக்குப் போவது போல.

ராக்கில் கிடக்கும் பொதுப் பந்துகளில் கட்டைவிரல் துளை எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிதாகவே போடப்பட்டிருக்கும். துளை பெரிதாக இருந்தால் பந்து நழுவிவிடும் என்று கை பயப்படும். பயந்த கை இறுக்கிப் பிடிக்கும். விரல் இறுகினால் முன்கை இறுகும், முன்கை இறுகினால் தோள் இறுகும். பிறகு ஊஞ்சல் மாதிரி தானாக ஆட வேண்டிய கை, தூக்கித் தள்ளும் கையாக மாறிவிடும். இங்கே தொடங்கும் கோளாறுகளை எந்தக் கோச்சாலும் வாய்ச்சொல்லால் சரிசெய்ய முடியாது. "கையைத் தளர்த்து" என்று நூறு முறை சொன்னாலும், பந்து விழுந்துவிடும் என்று பயப்படும் கை தளராது.

பொதுப் பந்தானாலும் பொருத்தத்தைச் சோதிக்கலாம். கட்டைவிரலை முழுவதும் உள்ளே விட்டு, உள்ளங்கையைப் பந்தின் மேல் படிய வைத்து, நடுவிரலையும் மோதிரவிரலையும் துளைகளின் மேல் தளர்வாக நீட்டுங்கள். சாதாரணப் பிடிக்கு, விரலின் இரண்டாவது கணுவின் மடிப்பு, துளையின் உள் விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய கால் அங்குலம் இருக்க வேண்டும். அதைவிட நீளமாக நீட்ட வேண்டியிருந்தால் உள்ளங்கை வலிக்கும், கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். குறைவாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க நேரும். சொந்தப் பந்து வாங்கினால் பந்துக் கடையான புரோ ஷாப்பில் கையை அளந்து துளையிடுவார்கள். அப்போது விரல் நுனிப் பிடிக்குப் போகலாம். அதில் நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணு வரைதான் உள்ளே போகும். கட்டைவிரல் முதலில் வெளியேறி, ஒரு கணம் கழித்து மற்ற இரு விரல்களும் விடுபடும் அந்த இடைவெளியில்தான் பந்துக்குச் சுழற்சி கிடைக்கிறது.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. தொடக்கத்துக்கு அது போதும், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிப்படி பந்தின் உச்ச எடை 16 பவுண்டு. நல்ல உடல்வாகு உள்ளவர்களே இன்று 14, 15 பவுண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். சரியாக அளந்து துளையிட்ட 14 பவுண்டு பந்து, பொருந்தாத 12 பவுண்டு பந்தைவிடக் கையில் இலேசாக இருக்கும். இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்பதே காரணம். காலையில் ஒரு அளவு, மூன்று ஆட்டத்துக்குப் பிறகு ஒரு அளவு என்று கட்டைவிரல் வீங்கும், சுருங்கும். அதனால் துளைக்குள் ஒட்டும் டேப் துண்டுகள் பையில் இருக்க வேண்டும். விரல் சுருங்கினால் ஒன்று ஒட்டலாம், வீங்கினால் ஒன்று உரிக்கலாம். சராசரி 140-இல் நிற்கும் பலருக்கு இந்தச் சின்ன டேப்பே முதல் வைத்தியம்.

சரி, இப்போது கோச். நல்ல கோச் முதல் பத்து, பன்னிரண்டு பந்துக்கு வாயைத் திறக்க மாட்டார். பின்னால் நின்று பார்ப்பார், பிறகு பக்கவாட்டில் வந்து நின்று பார்ப்பார். முதல் பந்து உருண்டவுடனேயே திருத்தத் தொடங்குகிறவர் உங்களைப் பார்க்கவில்லை. தன் மனத்தில் இருக்கும் ஒரு படத்தோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு பந்துகளில் அவர் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: காலும் கையும் ஒன்றுக்கொன்று எப்போது சந்திக்கின்றன என்பதை. டைமிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வலக்கை ஆட்டக்காரரின் நான்கடி நடையை எடுத்துக்கொள்வோம். முதல் அடி வலது கால். அதோடு சேர்ந்தே பந்து முன்னால் நீள வேண்டும். இரண்டாவது அடி இடது கால்; பந்து கீழே இறங்கித் தொடையை ஒட்டிக் கடக்கும். மூன்றாவது அடி மீண்டும் வலது. பந்து பின்னால் உச்சிக்குப் போயிருக்கும். நான்காவது இடது கால் வழுக்கிக்கொண்டு போய் தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனுக்கு முன் நிற்கும். பந்து முன்னோக்கி வந்து கணுக்காலருகே கையைவிட்டுப் போகும். ஐந்தடிக்காரர்கள் தொடக்கத்தில் ஓர் இடது அடியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த அடியில் பந்து அசையாது. மற்ற கணக்கு எல்லாம் அதேதான்.

இனி, இதில் எது தவறும் என்று பார்ப்போம். மிக அடிக்கடி தவறுவது முதல் அடி. வலது கால் போய்விடும், பந்து இன்னும் நெஞ்சருகே இருக்கும். கால் முந்திவிட்டது என்பதைக் கை எப்படியோ உணர்ந்து, தோள் பலத்தால் பந்தைக் கீழே இழுக்கும். இழுத்த பந்து நேராகப் பின்னால் போகாது, முதுகுப் பக்கம் வளைந்து போகும். வளைந்து போனது வளைந்துதான் திரும்பும். கடைசியில் உடம்பை வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, குறி வைத்த அம்புக்கு இடப்பக்கம் பந்து போய்விடும். ஆடுபவருக்குத் தெரிவது இந்தக் கடைசிக் காட்சி மட்டுமே. "குறி தவறிவிட்டது" என்று நினைத்து, அடுத்த முறை இன்னும் வலப்பக்கம் குறி வைப்பார். அப்போது தற்செயலாகக் கை சரியாக ஆடிவிட்டால் பந்து லேனின் ஓரப் பள்ளமான கட்டரில் விழும். இப்படி இடமும் வலமுமாக அலைந்தே ஒரு மாலை முடிந்துபோகும்.

முதல் அடியில் நேர்ந்த தவறு கடைசி அடியில் வெளிப்படுகிறது. கோச்சுக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒரு தொடர்பைக் கண்டுபிடிக்கத்தான். திருத்தம் கேட்டால் சிரிப்பாகக்கூட இருக்கும்: "முதல் அடி வைக்கும்போதே பந்தை நீட்டு, வேகமாக நீட்டாதே, எதிரில் நிற்பவர் கையில் கொடுப்பது போல் கொடு." அவ்வளவுதான். தோளைப் பற்றியோ மணிக்கட்டைப் பற்றியோ ஒரு சொல் கூட இருக்காது. பந்தைச் சரியான நேரத்தில் விட்டுவிட்டால் மீதியை ஊஞ்சல் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து அடிக்கடி வருவது கோட்டருகே நிற்க முடியாமை. பந்தை விட்டதும் வலப்பக்கம் தள்ளாடிச் சரிபவர்கள் தங்களுக்குச் சமநிலை இல்லை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கால் வேகம்தான் காரணம், அல்லது காலணி. வாடகைக் காலணியின் இரண்டு அடிப்பாகமும் ஒரே மாதிரி வழுக்கும். வலக்கைக்காரருக்கென்று வாங்கும் காலணியில் இடது அடிப்பாகம் வழுக்கும், வலது அடிப்பாகம் பிடிக்கும். உந்தித் தள்ளும் காலுக்குப் பிடிப்பு வேண்டும், வழுக்கும் காலுக்கு வழுக்கல் வேண்டும். தொடர்ந்து ஆடுகிறவர் பந்துக்கு முன்னால் காலணி வாங்குவது நல்லது என்பேன். கோட்டில் நிற்கும் பயிற்சிக்குக் கோச்சுகள் தரும் ஒரு கட்டளை உண்டு: பந்து பின்களை அடிக்கும் வரை அந்த நிலையிலேயே சிலையாக நில். பந்து 60 அடியைக் கடக்க இரண்டரை நொடி போல ஆகும். அந்த இரண்டரை நொடி நிற்க முடியாவிட்டால், முன்னால் எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்கோர் ஏன் இறங்குகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். பழைய முறையில் ஒரு தவறும், அந்தத் தவறை ஈடுகட்ட இன்னொரு தவறும் சேர்ந்து ஒருவகைச் சமரசத்தில் இருந்தன. பந்து வளைந்து வருவதற்கு ஏற்றபடி குறியை வலப்பக்கம் தள்ளி வைத்துப் பழகியிருந்தீர்கள். கோச் முதல் தவறை எடுத்துவிட்டார். ஈடுகட்டும் பழக்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே இப்போது நேராகப் போகும் பந்து வலப்பக்கக் கட்டருக்குப் போகும். இதைச் சொல்லிவைக்காத கோச் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இந்தக் காலத்தில் பயிற்சி செய்யும் முறையே வேறு. முடிந்தால் பின்கள் வைக்காமல் லேனை மட்டும் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் பயிற்சிக்கு இப்படித் தருவார்கள். தராவிட்டால் ஸ்கோர் திரையைப் பார்க்காமல் ஆட வேண்டியதுதான். பின் விழுந்ததா என்று கண் போனால், மனம் பழைய முறைக்கு ஓடிவிடும், ஏனென்றால் பழைய முறை அன்றைக்கு இரண்டு பின் கூடுதலாக விழவைக்கும். முழு நடை வேண்டாம். முதல் பத்து நிமிடம் கோட்டருகே நின்ற இடத்திலிருந்தே கையை ஊஞ்சலாட்டிப் பந்தை விடுவது. அடுத்துக் கடைசி ஓர் அடி மட்டும் வைத்து விடுவது. பிறகுதான் முழு நடை, அதிலும் கவனம் ஒன்றின் மேல் மட்டும். முதல் அடியில் பந்து நீண்டதா? நீண்டால் ஒரு புள்ளி, இல்லையென்றால் இல்லை. பந்து கட்டரில் போனாலும் நீண்டிருந்தால் அது வெற்றிதான். இருபது பந்தில் பதினைந்து முறை நீளும் வரை அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

இதனால்தான் வாராவாரம் வகுப்புக்குப் போவதை நான் சரியென்று நினைக்கவில்லை. ஒரு மணி நேர வகுப்பு, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் நான்கைந்து தனிப் பயிற்சி, பிறகு அடுத்த வகுப்பு. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு திருத்தம் வந்தால், லேனில் நிற்கும்போது தலைக்குள் ஐந்து குரல் பேசும். ஐந்து குரலோடு யாராலும் பந்து வீச முடியாது.

இனி ஸ்பேர், அதாவது முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் எடுப்பது. கோச்சுகளும் ஆடுபவர்களும் அதிகம் முரண்படும் இடம் இதுதான். வருகிறவர் ஹூக் (கடைசியில் வளைந்து திரும்பும் பந்து) கற்றுக்கொடுங்கள் என்பார், கோச் ஸ்பேர் பந்து வாங்கு என்பார். கணக்கு கோச் பக்கம் இருக்கிறது.

ஒருவர் ஆட்டத்தின் பத்து ஃபிரேமிலும் (ஃபிரேமுக்கு இரண்டு பந்து) முதல் பந்தில் ஒன்பது பின் தள்ளி, மீதி ஒன்றைத் தவறவிட்டால் ஸ்கோர் 90. அதே ஆள், அதே முதல் பந்து, மீதி ஒரு பின்னை ஒவ்வொரு முறையும் எடுத்து, கடைசி போனஸ் பந்திலும் ஒன்பது தள்ளினால் 190. ஒரு ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்தும் விழுவது) கூட இல்லாமல். ஒரு ஸ்பேருக்குப் பத்துப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்: விட்டுப்போன ஒரு பின், அதோடு அடுத்த பந்தின் ஒன்பது போனஸாக மறுபடியும் சேர்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒற்றைப் பின் ஸ்பேர் நான்கைத் தவறவிடுகிறவர், அதில் மூன்றை எடுக்கப் பழகினால் 140 எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹூக் கற்க ஆறு மாதம். இதற்கு ஆறு வாரம்.

ஸ்பேர் எடுக்கும் முறையில் புதிர் ஒன்றும் இல்லை. லேனின் குறுக்கே 39 போர்டுகள் (நீளப் பட்டைகள்), வலக்கைக்காரர் வலப்பக்கத்திலிருந்து எண்ணுவார். கோட்டைத் தாண்டி 12 அடியிலிருந்து 16 அடிக்குள் ஏழு அம்புகள், ஐந்து போர்டுக்கு ஒன்று. இரண்டாவது அம்பு 10-ஆம் போர்டில், நடு அம்பு 20-இல். இடப்பக்கம் பின் மிஞ்சினால், ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து கால்களை வலப்பக்கம் நகர்த்தி, அதே அம்பைக் கடக்கும்படி வீச வேண்டும். பின்களுக்கு முன்னாலிருந்து வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண். 2-ஆம் பின்னுக்கு 3 போர்டு, 4-ஆம் பின்னுக்கு 6, 7-ஆம் பின்னுக்கு 9. இது தொடக்கக் கணக்கு. உங்கள் வேகத்துக்கும் லேனுக்கும் ஏற்ப ஒன்றிரண்டு போர்டு மாறும். அந்த மாற்றத்தை நோட்டில் எழுதிவைப்பது உங்கள் வேலை.

10-ஆம் பின்தான் வலக்கைக்காரரின் தலைவலி. வலது மூலையில், கட்டரை ஒட்டி, ஏறக்குறைய 3-ஆம் போர்டில் நிற்கிறது. ஹூக் பந்தை வீசினால் கடைசி நேரத்தில் இடப்பக்கம் திரும்பி அதைத் தொடாமல் போகும். அதனால் திரும்பாத பிளாஸ்டிக் பந்து. லேனின் இடக்கோடிக்கு நகர்ந்து நின்று, தோளை 10-ஆம் பின்னை நோக்கித் திருப்பி, லேனைக் குறுக்கே கடக்கும்படி நேராக வீச வேண்டும். பந்தை 26-ஆம் போர்டில் வைத்து நடு அம்பைக் கடக்க விட்டால், நேர்கோட்டில் அது போய்ச் சேரும் இடம் 2-ஆம், 3-ஆம் போர்டு. குறுக்குக் கோடு என்பதால் லேனின் முழு அகலமும் நமக்கு உதவுகிறது. இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நகர்ந்து நிற்பார்கள், ஆனால் தோள் பழையபடி நேராகவே இருக்கும். கை தோளின் திசையில்தான் ஆடும். கோச் பின்னால் நின்று பார்த்தால் இதை ஒரே பந்தில் சொல்லிவிடுவார்.

இதற்கு ஓர் அருமையான பயிற்சி ஆட்டம் இருக்கிறது, லோ பால் என்பார்கள். பத்துப் பின்களும் நிற்கும்போது முதல் பந்தில் 10-ஆம் பின்னை மட்டும், அடுத்த பந்தில் 7-ஆம் பின்னை மட்டும் தொட வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு பின், ஆட்டத்துக்கு 20. அதுதான் ஆகச்சிறந்த ஸ்கோர். கட்டரில் போனால் பத்துப் பின் விழுந்ததாகக் கணக்கு. குழுவாக ஆடிப் பாருங்கள், வழக்கமாக 180 போடுகிறவர்கள் இதில் திணறுவார்கள்.

ஹூக்கை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்குக் கணிதக் காரணம் இருக்கிறது. நேர்ப்பந்தை லேனின் வலது ஓரமான முதல் போர்டிலிருந்து 1-க்கும் 3-க்கும் இடையிலுள்ள பாக்கெட்டுக்கு வீசினாலும் நுழையும் கோணம் 1.4 டிகிரிதான் கிடைக்கும். ஸ்ட்ரைக்குக்கு ஏற்ற கோணமாகச் சொல்லப்படுவது 6 டிகிரி. வளைந்து வரும் பந்தால்தான் அது முடியும். முறையான ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மீதி ஆறைப் பின்களே தள்ளுகின்றன: 1 போய் 2-ஐ, 2 போய் 4-ஐ, 4 போய் 7-ஐ, வலப்பக்கம் 3 போய் 6-ஐ, 6 போய் 10-ஐ, நடுவில் 5 போய் 8-ஐ. கோணம் குறைந்த பந்து முதல் பின்னில் பட்டு வலப்பக்கம் விலகிவிடும், 5-ஆம் பின் நின்றுவிடும்.

ஆனால் ஹூக் வருவது மணிக்கட்டை முறுக்குவதால் அல்ல. கதவுக் குமிழைத் திருகுவது போல் கையைத் திருகுகிறவர்களின் பந்து பம்பரமாக ஒரே இடத்தில் சுழலும், முன்னோக்கி உருளாது, பின்னைத் தள்ளவும் செய்யாது. மணிக்கட்டு வலிதான் மிச்சம். கை பந்தின் அடியிலும் பக்கத்திலும் இருக்க, கட்டைவிரல் விலகியதும் விரல்கள் கைகுலுக்கும் நிலைக்கு வந்து சேர வேண்டும். இதைச் சொல்லால் விளங்கிக்கொள்வது கடினம். கட்டைவிரலைத் துளைக்குள் விடாமல், கோட்டருகே நின்று மெதுவாக வீசும் பயிற்சியில் பத்து நிமிடத்தில் கைக்குப் புரியும். ஊஞ்சல் சரியாகாமல் இந்தப் பயிற்சிக்கு வந்தால் பயனில்லை, அதனால்தான் நல்ல கோச் ஹூக்கைத் தள்ளிப்போடுகிறார்.

180-ஐத் தாண்டியவர்களுக்குக் கோச் வேறு மாதிரி உதவுவார். அங்கே உடம்பைவிட லேன்தான் பாடம். லேன் மேல் பூசும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. வழக்கமான ஹவுஸ் பூச்சில் நடுவில் எண்ணெய் அதிகம், இரு ஓரங்களிலும் மிகக் குறைவு, நீளம் 40 அடியை ஒட்டி இருக்கும். வலப்பக்கம் தவறிய பந்து வறண்ட இடத்தில் பிடித்துத் திரும்பி வரும். உள்ளே தவறியது எண்ணெயில் வழுக்கிப் போய்ப் பாக்கெட்டிலேயே நிற்கும். அந்தப் பூச்சு நம் தவறுகளை மன்னிக்கிறது. போட்டிகளுக்கான ஸ்போர்ட் பூச்சில் நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் அளவில் வேறுபாடு குறைவு. அங்கே போனதும் 190 சராசரிக்காரர் 160-க்கு இறங்குவதைப் பார்த்து மனம் ஒடிந்துபோக வேண்டாம்.

ஆட்டம் போகப் போக எண்ணெய் பந்தோடு கிளம்பிப் போய், பந்து முன்னதாகவே திரும்பத் தொடங்கும். முதல் பின்னின் முகத்திலேயே போய் அடிக்கும், ஸ்பிளிட், அதாவது இடைவெளி விட்டு நிற்கும் பின்கள், மிஞ்சும். வலக்கைக்காரர் அப்போது காலை 2 போர்டு இடப்பக்கமும் குறியை 1 போர்டு இடப்பக்கமும் நகர்த்த வேண்டும். பந்து எந்தப் பக்கம் தவறியதோ அந்தப் பக்கமே நகர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெயின் நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து எண்ணெயை விட்டு வெளியேற வேண்டிய போர்டு கிடைக்கும் என்றும் ஒரு கணக்கு உண்டு. 40 அடிக்கு 9-ஆம் போர்டு. எப்போது நகர்வது என்பதைத்தான் இந்த நிலையில் கோச் கற்றுத்தருகிறார். பெரும்பாலோர் இரண்டு ஃபிரேம் தாமதமாக நகர்கிறார்கள்.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றி. யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் என்ற அமெரிக்க அமைப்பு முதல் நிலை, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழ் இருந்தால் நல்லதுதான். அதைவிட முக்கியம், அவர் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிறாரா என்பது. ஆஸ்திரேலியாவின் ஆரஞ்ச் என்ற ஊரில் பெற்றோரின் பவுலிங் நிலையத்தில் வளர்ந்த ஜேசன் பெல்மோன்டே, குழந்தையாக இருக்கையில் பந்தின் கனம் தாங்காமல் இரண்டு கையாலும் உருட்டப் பழகினார். வளர்ந்த பிறகும் அப்படியே ஆடினார். அது முறையல்ல, ஒரு கைக்கு மாறு என்று பலரும் சொன்னார்கள். அவர் மாறவில்லை. 2023-இல் தன் 15-ஆவது பிபிஏ (தொழில்முறை பவுலர்கள் சங்கம்) மேஜர் பட்டத்தை வென்றார். வேறு யாரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இன்று உலகெங்கும் சிறுவர்கள் இரண்டு கையால் வீசுகிறார்கள். அந்த முறையிலும் டைமிங் உண்டு, சமநிலை உண்டு, ஸ்பேர் உண்டு. கோச் திருத்த வேண்டியவை அவை. உங்கள் உடம்புக்கு இயல்பாக வருவதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றை நடச் சொல்கிறவர், என்ன சான்றிதழ் வைத்திருந்தாலும் வேண்டாம்.

மாதம் ஒரு முறை நண்பர்களோடு போகிறவர்களுக்குக் கோச் தேவையே இல்லை. இடையில் பயிற்சி இல்லாவிட்டால் எந்தத் திருத்தமும் உடம்பில் தங்காது. அந்தப் பணத்தில் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடி மகிழலாம்.

பக்கத்தில் கோச் கிடைக்காத ஊர்க்காரர்களுக்குக் கைபேசி பாதி கோச். நெஞ்சு உயரத்தில் முக்காலியில் வைத்து, நீங்கள் வழுக்கும் கோட்டுக்கு நேர் பின்னாலிருந்து ஒரு முறை. ஃபவுல் லைனுக்கு நேர் பக்கவாட்டில் வலது கை தெரியும்படி ஒரு முறை. மெதுவியக்கத்தில் எடுங்கள். பின்னாலிருந்து எடுத்ததில் பந்து தோளுக்கு நேராகப் பின்னால் போகிறதா, முதுகுப் பக்கம் வளைகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் எடுத்ததில் முதல் அடி ஊன்றும் கணத்தில் நிறுத்தி, பந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோணம் சாய்வாக இருந்தால் நேரான ஸ்விங்கும் வளைந்தது போல் தெரியும், அதனால் கேமராவை வைக்கும் இடத்தில் சோம்பல் வேண்டாம். இந்த இரண்டு படத்தையும் தொலைவிலுள்ள கோச்சுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் கட்டைவிரல் துளையின் பொருத்தம் எந்தப் படத்திலும் தெரியாது.

முதல் வகுப்புக்குப் போகும்போது கடைசி ஆறு ஆட்டங்களின் தாளைக் கையோடு எடுத்துப்போங்கள். ஸ்கோரை மட்டும் எழுதினால் போதாது, எந்தப் பின் மிஞ்சியது, எது தவறியது என்பதையும் குறித்திருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பந்தையும் எடுத்துப்போங்கள். துளையை அடைத்து மறுபடி போட முடியும். வகுப்பு முடிந்து கிளம்பும் முன் கோச்சிடம் கேளுங்கள்: "அடுத்த முறை வரும் வரை நான் பார்க்க வேண்டிய ஒன்று எது?" அவர் மூன்று சொன்னால், அதில் முதலாவது எது என்று திரும்பக் கேளுங்கள். அதை நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, அடுத்த நாளே, கூட்டமில்லாத காலை வேளையில், பின் வைக்காத லேன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.